சின்னம்மாவின் வேலிப் பங்கு

போன கிழமை எங்கள் ஒழுங்கையிலிருந்து நீங்கள் நாலு பேரும் முறைப்பாட்டுப் பெட்டிசத்தைக் கொண்டுவந்து என் விறாந்தையில் விரித்து, சத்தமாக வாசித்துக் கையெழுத்துக் கேட்டபோது, மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்று சொன்னேன். பொய். கண்ணாடி என் மடியில்தான் கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு எழும்பிப் போனீர்கள். படலையைத் தாண்டியதும், "அவக்கு ஒருத்தரையும் நம்ப ஏலா, பிறவிக் குணம்" என்று உங்களில் ஒருத்தி சொல்லியிருப்பாள். யார் என்றும் எனக்குத் தெரியும்.

ஒழுங்கைக் கடைசி வீட்டில் குழந்தையோடு தனியாக இருக்கிற அந்த நேர்ஸ் பிள்ளையின் மதிலால்தான் மழைத்தண்ணீர் எங்கள் முற்றங்களுக்குள் ஏறியது என்று எழுதியிருந்தீர்கள். பத்து வீட்டுக் கையெழுத்தும் கீழே இருந்தது. எங்கள் நாவற்குடா ஒழுங்கையில் தண்ணீர் வடிய வேண்டிய கானுக்கு மேல் சீமெந்து போட்டு மோட்டார் சைக்கிள் ஏற்றுகிறவர்கள் யார் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் மருமகனும் அதில் ஒருவர். பத்துப் பேர் ஒரே சொல்லைச் சொன்னால் நான் நம்புவதில்லை. அது பிறவிக் குணமில்லை. எந்த வயதில், எந்த இடத்தில் வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துக்குப் பதிலாக இதை எழுதித் தருகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

அப்போது எங்களுக்கு வீடு எழுவான்கரையில், வயல் படுவான்கரையில். உங்களில் பாதிப்பேருக்கும் அப்படித்தான். சூரியன் எழும்புகிற கரையில் குடியிருப்பு, படுகிற கரையில் விளைச்சல், நடுவில் வாவி. மாரிப் போகத்தில் ஆண்கள் அக்கரையில் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்கிவிடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் காலையில் தோணியில் போய்ப் பின்னேரம் திரும்புவோம். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட விடுமுறை. கதிர் பால் பிடிக்கிற நேரம் என்பதால் குருவி கலைப்பது எங்கள் வேலை. எண்ணெய்த் தகரத்தைத் தடியால் அடித்து அடித்து உள்ளங்கை கன்றிப்போகும். தொண்டை கட்டி, பொழுதுபடும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது.

எங்கள் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அவர்களின் தாய்வழியில் வந்த வயல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. அம்மாவின் வயலை அப்பா செய்தார். சின்னம்மாவின் புருசன் கல்குடாப் பக்கம் கடல் தொழிலுக்கென்று போனவர், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டார். பிள்ளையும் இல்லை. அப்படி நிற்கிற பெண் வயலை அக்காவின் புருசனிடம் விட்டுவிட்டு, கொடுக்கிற நெல்லை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். ஊர் அதைத்தான் எதிர்பார்த்தது. சின்னம்மா தானே ஆள் பிடித்து உழுதார், தானே விதைத்தார். தன் வயலின் மேற்குக் கோடியில் வாடி போட்டுத் தனியே தங்கினார்.

"பொம்பிளை ஒருத்தி அக்கரையில தனியாக் கிடக்கிறதா? நாளைக்கு எங்கட புள்ளையளும் கேக்கும்," என்று துறையில் பெண்கள் கதைப்பார்கள். சின்னம்மா தோணியால் இறங்கினால் கதை நின்றுவிடும். அவர் எல்லாரையும் பார்த்து, "என்னகா, நான் வந்ததும் வாய அடைச்சிட்டீங்க? நல்ல கதைதானே, மிச்சத்தையும் சொல்லுங்க," என்பார். அந்தச் சிரிப்பை ஒருத்தரும் மன்னிக்கவில்லை.

வேலி விசயத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், முப்பது பேருக்கு வயல். முப்பது வயலையும் சுற்றி ஒரே வேலி. வயலின் அளவுக்கு ஏற்ற மாதிரி ஆளுக்கு ஒரு பங்கு வேலி வரும். கம்பு நட்டு, அலம்பல் என்கிற முள்ளுக் கிளைகளை நெருக்கி அடைத்துக் கட்ட வேண்டும். ஒருவர் பங்கு முடிந்து மற்றவர் பங்கு தொடங்குகிற கம்பில் பனையோலை முடிச்சுப் போட்டிருக்கும். மாடு உள்ளே வந்து பயிரைத் தின்றால், எவருடைய மாடு என்று கேட்கமாட்டார்கள். எப்படி வந்தது என்றும் கேட்கமாட்டார்கள். எந்தப் பங்கால் வந்தது என்றுதான் கேட்பார்கள். அந்தப் பங்குக்காரர் பொறுப்பு. அதுதான் எங்கள் வட்டையின் கட்டுப்பாடு.

வேலி கட்டுகிற நாளை, வயல் காரியங்களுக்குப் பொறுப்பான வட்டை விதானையார் குறிப்பார். அன்று எல்லாரும் சேர்ந்து கட்டி, மத்தியானம் அவருடைய வாடியில் சேர்ந்து சாப்பிட வேண்டும். சின்னம்மா இரண்டு நாளைக்கு முன்னமே தன் பங்கைக் கட்டி முடித்துவிட்டார். சிவப்புத் துணி சுற்றிய பிடியுள்ள கத்தி ஒன்று வைத்திருந்தார். அதால் வெட்டிய முள்ளின் பச்சை வாடை அவருடைய சீலையில் நாலைந்து நாள் நிற்கும். கட்டிய வேலியைக் கையால் ஆட்டிப் பார்த்த அப்பா, "நல்லாத்தான் கட்டியிருக்கா," என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விதானையாரின் வாடியில் சாப்பிடும்போது வேறு மாதிரிச் சொன்னார். அங்கே எல்லாரும் சொன்னதைச் சொன்னார்.

சின்னம்மாவின் பங்கு தோணித் துறைக்கு நேரே இருந்தது, அதுதான் அவருடைய துரதிர்ஷ்டம். ஆட்கள் உள்ளே போகிற முறையான கடப்பு விதானையாரின் வயலுக்குப் பக்கத்தில், அரை மைல் சுற்றிப் போக வேண்டும். யார் சுற்றுவது? தோணியால் இறங்கியவர்கள் சின்னம்மாவின் வேலியில் இரண்டு அலம்பல் கட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், திரும்பவும் இழுத்து மூடிவிடுவார்கள். வரும்போதும் அப்படித்தான். முதலில் சின்னம்மா சத்தம் போட்டுப் பார்த்தார். "கடப்பு அங்கால இருக்கு, இஞ்ச என்னத்துக்கு வாறீங்க?" என்பார். ஆண் துணை உள்ள வீட்டு வேலியில் ஒருவரும் அப்படிக் கை வைத்திருக்கமாட்டார்கள். வைத்தால் காலை முறிப்பார்கள். நாலு நாளில் அந்த இடத்தில் புல் செத்து ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. விதானையாரின் செருப்புத் தடமும் அதில் இருந்தது. அவருக்கு மட்டும்தான் அந்த மாதிரி டயர்ச் செருப்பு.

இனி என் கதை.

பின்னேரத் தோணியின் முன் நுனியில், அணியத்தில், ஒருவர் இருக்கத்தான் இடம். அங்கே இருந்தால் இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் நிற்கிற கண்ணா மரங்களின் வேரைத் தொட்டுத் தொட்டு வரலாம். முதலில் ஓடி வந்தவருக்கு அந்த இடம். மூன்று நாளாக விதானையாரின் மகள் அதைப் பிடித்துவைத்திருந்தாள். பெரிய மகாராணி மாதிரிக் கிறுகித் திரும்பி எங்களைப் பார்த்து நாக்கை நீட்டுவாள். அன்றைக்கு விடக்கூடாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தோணிக்காரர் கூவியதும் தகரத்தைப் போட்டுவிட்டுச் சின்னம்மாவின் வரம்பால் ஓடினேன். அலம்பல் இரண்டையும் தூக்கி ஓரமாக எறிந்தேன். சட்டை முள்ளில் மாட்டியது. இழுத்தேன், கிழிந்தது. மறுபடியும் தோணிக்காரர் கூவினார். பின்னால் வருகிறவர்கள் மூடட்டும் என்று ஓடிவிட்டேன்.

அணியம் எனக்குக் கிடைத்தது. அது எவ்வளவு சந்தோசம் என்று இன்றும் என் காலுக்குத் தெரியும். அன்று அம்மாவோடு பெண்களெல்லாம் முன்னமே சுற்றி வந்து தோணியில் ஏறியிருந்தார்கள். விதானையாரின் மகளும் மற்றப் பிள்ளைகளும் கடப்பால் சுற்றி எனக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள். சின்னம்மாவின் வேலியால் எனக்குப் பின்னால் வர ஒருவரும் இல்லை.

இல்லை, ஒருவர் இருந்தார். தோணியைத் தள்ளுகிற நேரம் அப்பா கரைக்கு வந்து அம்மாவிடம் ஒரு கட்டுக் கீரையை நீட்டினார். தோணி விலகியதும் அவர் திரும்பி நடந்தார். சின்னம்மாவின் வேலிப் பக்கமாகத்தான் நடந்தார். அவர் அந்த வழியால் போனால், திறந்து கிடந்ததைக் காணாமல் போயிருக்க முடியாது. கண்டவர் மூடினாரா? மூடியிருந்தால் மாடு எப்படி வந்தது? மூடாவிட்டால், ஏன்? அறுபது வருடமாக இந்த மூன்று கேள்வியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்றிரவு அடை மழை. விடியத் தோணியில் போய் இறங்கும்போதே அக்கரையில் சத்தம் கேட்டது. பட்டி மாடுகள் உள்ளே இறங்கி ஏழு பேரின் வயலைத் தின்று மிதித்துவிட்டிருந்தன. எங்கள் வயலிலும் ஒரு மூலை போய்விட்டது. பால் கதிரை மாடு மென்றால் ஒரு இனிப்பு மணம் வரும். வட்டை முழுக்க அந்த மணமும் சாணி மணமும் சேர்ந்து கிடந்தன. சின்னம்மாவின் வேலியடியில் எல்லாரும் கூடி நின்றார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

"இது ஆர்ட பங்கு?" என்று விதானையார் கேட்டார். அவருக்குத் தெரியாதா? கேட்க வேண்டும் என்பது முறை.

"என்ட பங்குதான்," என்றார் சின்னம்மா. மழையில் நனைந்த சீலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மாடு கலைத்துக் கலைத்துக் குரல் அடைத்திருந்தது. "ஆனா நல்லாப் பாருங்க அண்ணே. மாடு முட்டி விழுந்த வேலியா இது? முட்டியிருந்தா அலம்பல் உள்ளுக்கெல்லுவா விழுந்து கிடக்கும்? கம்பெல்லுவா சரிஞ்சிருக்கும்? ரெண்டு கட்டையும் தூக்கி ஓரமா வச்சிருக்கு. மாட்டுக்குக் கை இருக்கா?"

முப்பது ஆண்கள். பிறந்ததிலிருந்து வேலி கட்டியவர்கள். பதினொரு வயதுப் பிள்ளை எனக்கே விளங்கியது, அவர்களுக்கு விளங்காமல் போகுமா? ஒருவரும் அந்த அலம்பலைப் பார்க்கவில்லை. ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் காலில் ஒட்டிய சேற்றை வரம்பில் தேய்த்தார். அந்த ஒற்றையடிப் பாதைக்கு மேல்தான் எல்லாரும் நின்றார்கள். இதால் போனவர் யார் என்று ஒருவரைக் கேட்டால் அடுத்தவரையும் கேட்க வேண்டி வரும் என்ற பயம் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அந்த வயதில் எனக்கு அது தெரியவில்லை. பெரியவர்கள் ஏதோ என்னைவிட அதிகம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"நேத்துப் பின்னேரம் இதால ஆர் போன?" சின்னம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஒருத்தரும் போகல்லையா? சொல்லுங்க. சண்டைக்கு வரமாட்டன். போனன், மறந்திட்டன் எண்டு ஒருத்தர் சொன்னாக் காணும்."

அவருடைய கண் என்னிடமும் வந்தது. என் வாய் திறந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் அப்பாவின் கை என் தோளில் வந்து விழுந்தது. நல்ல பாரமான கை. பிள்ளை பயந்துவிட்டாள் என்று அணைத்தாரா, வாயைத் திறக்காதே என்று அமுக்கினாரா? அந்தக் கையின் சூடு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதன் அர்த்தம் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். சின்னம்மாவின் கண் அடுத்த முகத்துக்குப் போய்விட்டது.

"பொம்பிளை கட்டின வேலி, அவ்வளவுதான்," என்றார் விதானையார். "நொய்ஞ்சு போச்சு, மழைக்குத் தாங்கல்ல."

"ஓம், ஓம். நொய்ஞ்சுதான் போச்சு," என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது நம்பிக்கையாகிவிட்டதைக் கண்ணால் கண்டேன். முகங்களில் ஒரு ஆறுதல் வந்தது. உங்கள் பெட்டிசத்தைச் சத்தமாக வாசித்தபோது உங்கள் முகத்திலும் அந்த ஆறுதல் இருந்தது. கோபிக்காதீர்கள், கண்டதைச் சொல்கிறேன்.

அடுத்த மாரிக்கு அந்த வயலும் வேலியும் ஆம்பிளை ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். "வெளியாளுக்குக் குடுக்கத் தேவையில்ல, அக்காட புருசன் இருக்கார்தானே," என்றார் விதானையார். சின்னம்மா அப்பாவைப் பார்த்து, "அத்தான், நீங்க சொல்லுங்க. என்ட வேலி நொய்ஞ்ச வேலியா?" என்று கேட்டார். கையால் ஆட்டிப் பார்த்த அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஊர் சொல்றதுதான் மச்சாள் நானும் சொல்றன்," என்றார். அதற்கு முதல் நாள் மத்தியானம் விதானையாரும் அவரும் வரம்பில் குந்தி இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனதும் கதையை நிறுத்தினார்கள். வயலைப் பற்றித்தான் கதைத்தார்களா, வெறும் மழையைப் பற்றியா? சொல்லமுடியாது. ஆனால் ஏன் நிறுத்தினார்கள்?

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என் சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்குக்கு முன் இருந்து கிழிசலைத் தைத்தார். சாதாரணமாகச் சட்டை கிழிந்தால் எங்கே, எப்படி, எந்த மரத்தில் ஏறினாய் என்று முதுகில் இரண்டு வைப்பார். அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, "போய்ப் படு," என்றார். அந்தத் தைப்பொங்கலுக்கு எனக்கு இரண்டு சட்டை வந்தது. மற்ற வருடங்களில் ஒன்றுதான்.

ஒரு போகத்துக்கென்று போன வயல் பிறகு திரும்பவில்லை. அதற்கும் அடுத்த மாரிக்குச் சின்னம்மா கேட்டபோது, "பொறு தங்கச்சி, ஊர் வாய் ஓயட்டும்," என்றார் அம்மா. ஊர் வாய் எப்போது ஓய்ந்தது? சின்னம்மா எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்து, தன் வயல் அரிசியில் கல் பொறுக்கினார். அவருடைய கத்தியை அப்பா கொண்டுபோனார். எங்கே தொலைத்தாரோ தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயல் கைக்கு வந்த முதல் மாரியிலேயே அப்பா துறைக்கு நேரே அந்த இடத்தில் நல்ல கம்பாய்ப் பார்த்து நட்டு முறையான கடப்பு ஒன்று போட்டார். வட்டைக்கே பெரிய உபகாரம் என்று முப்பது பேரும் மெச்சினார்கள். இதைக் கேட்ட சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா போய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினார்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் வயல் கேட்டார்கள். அம்மாவின் வயல் தங்கைக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "அவக்குப் புள்ளையும் இல்ல குட்டியும் இல்ல. உனக்கில்லாம ஆருக்கு?" என்று அம்மா சொன்னார். உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டில், வயலை என் பெயருக்கு எழுதிச் சின்னம்மா கையெழுத்து வைத்தார். அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது நான் உடுத்திருந்த மாம்பழ நிறச் சீலையும், நொத்தாரிசின் மேசையில் இருந்த மை வாடையும்தான். எவ்வளவு யோசித்தாலும் வேறொன்றும் வருவதில்லை.

பிறகு என்னென்னவோ வந்து போயின. சூறாவளி, சண்டை, ஊருக்குள் ஏறிய கடல். அப்பாவும் அம்மாவும் போனார்கள். அந்த முப்பது பேரில் ஒருவரும் இல்லை. கடைசியில் சின்னம்மாவை நான் நாவற்குடாவுக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொண்டேன். நல்ல பெண் என்று நீங்களெல்லாம் என்னைப் புகழ்ந்தீர்கள். 

ஒரு நாள் பத்து மணி போல முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, அவருக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். முகம் எனக்குத் தெரியாமல் பின்னால் நின்றதால்தான் துணிவு வந்தது.

"சின்னம்மா, அண்டைக்கு வேலியத் திறந்துபோட்டு மூடாமப் போனது நான்தான்."

"தெரியும்," என்றார். "நீ ஓடினத வாடிக்குள்ள இருந்து கண்டன். மூடிப்போட்டுத்தான் போவாய் எண்டு நினைச்சன்."

"எனக்குப் பிறகு அப்பாவும் அதாலதான் போனவர், சின்னம்மா. அவரும் கண்டிருப்பார்," என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"அத்தான எனக்குத் தெரியும். அவரிட்ட நான் ஒண்டும் எதிர்பாக்கல்ல."

"பிறகேன் கூட்டத்தில என்னக் காட்டிச் சொல்லல்ல?"

"நான் சொன்னா ஆருகா நம்புவாங்க? தன்ட குத்தத்த மறைக்கப் புள்ளையில பழி போடுறாள் எண்டிருப்பாங்க. நீ சொன்னா நம்பியிருப்பாங்க. அதுதான் பாத்துக்கொண்டு நிண்டன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "புள்ளதானே, பயந்திட்டாய், ரெண்டு நாளில வந்து சொல்லுவாய் எண்டு இருந்தன். மறுகா, பெரிய மனுசியாகிச் சொல்லுவாய் எண்டு இருந்தன். நொத்தாரிசு வீட்டில கையெழுத்து வைக்கக்குள்ள, கடைசியா ஒருக்காக் கிறுகி உன்னப் பாத்தன்."

"நான் என்ன செய்தன், சின்னம்மா?"

"நீ சிரிச்சாய் மகள். அதுக்குப் பிறகு நான் பாத்துக்கொண்டிருக்கல்ல."

மிச்சத் தலையையும் வாரிக் கொண்டை முடிந்துவிட்டேன். அவர் போய்ப் பதினாறு வருடமாகிறது. வயல் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.